தறிக்கும் ரோபோவுக்கும் நடுவே: குழந்தைக்கு இயந்திரத்தை எங்கிருந்து காட்டுவது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்கு வரும் சாலை ஒரகடம் வழியாகத்தான் வருகிறது. ஒரகடத்துக் கார் ஆலைகளில் வண்டியின் கூட்டைப் பற்றவைப்பவை ரோபோ கைகள். அங்கிருந்து மேற்கே, வாலாஜாபாத்தைக் கடந்து காஞ்சிபுரம் நோக்கிப் போனால் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நெசவாளர் ஊர்கள். குழிக்குள் காலை இறக்கி, மிதியை மிதித்துத் தறி நெய்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்தப் பாலாற்றங்கரை ஊருக்கு ஒரு பக்கம் தறி, மறுபக்கம் ரோபோ.

இந்த ஊரில் வளரும் எட்டு வயதுக் குழந்தைக்கு இயந்திரம் என்றால் என்னவென்று எதைக் காட்டித் தொடங்குவது? வீட்டிலிருக்கும் தறியையும் அரிவாள்மனையையும் கிணற்று ராட்டினத்தையும் காட்டியா, பள்ளிக்கு அட்டைப்பெட்டியில் வந்திறங்கும் ரோபோ உதிரிகளைக் காட்டியா? கேள்வி புதிதுபோலத் தோன்றினாலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. தமிழ்நாட்டில் இது வெறும் பாடமுறைச் சிக்கலாகவும் இருந்ததில்லை. இதையொட்டி எழுந்த எதிர்ப்பில் ஒரு கல்வித் திட்டமே கைவிடப்பட்டிருக்கிறது.

எளிய இயந்திரம் எவ்வளவு எளியது?

நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு என்று ஆறு எளிய இயந்திரங்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். இது இயற்கையாக அமைந்த பட்டியல் அன்று. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் கி.பி. முதல் நூற்றாண்டில் ஐந்தைத்தான் கணக்கில் எடுத்தார். சாய்தளம் பட்டியலில் இடம்பிடித்தது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில். அறிஞர்கள் பல நூற்றாண்டு யோசித்து வகைப்படுத்திய ஒன்றை, கண்ணால் பார்த்தவுடன் குழந்தை புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

கிணற்று ராட்டினத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கப்பி வேலையைப் பாதியாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நிலையான ஒற்றைக் கப்பி விசையைக் குறைப்பதில்லை. பத்துக் கிலோ குடத்துக்குப் பத்துக் கிலோ இழுவிசை கொடுத்தே ஆக வேண்டும். உராய்வுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டும். அது மாற்றுவது விசையின் திசையை மட்டுமே. மேலே தூக்குவதற்குப் பதில் கீழே இழுக்கிறோம், உடலின் எடை கைக்குத் துணை வருகிறது. நாள்தோறும் தண்ணீர் சேந்திய தலைமுறையிலும் இதைப் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

இதற்கு நேர்மாறாக, ஏற்றம் தன் விதியைத் தானே காட்டும் கருவி. ஊன்றிய கால்மேல் கிடக்கும் நீண்ட மரம். ஒரு முனையில் சால் கட்டிய கழி. மரத்தின் மேல் ஆள் கிணற்றை நோக்கி நடந்தால் சால் இறங்கும், திரும்பி நடந்தால் ஏறும். ஆளின் எடை மாறவில்லை. அவர் நிற்கும் தூரம் மட்டுமே மாறுகிறது. நெம்புகோலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கப்படத்தை எந்தப் பாடநூலும் தந்துவிட முடியாது. ஆனால் மின்மோட்டார் வந்தபின் ஏற்றம் போய்விட்டது. அன்றாட வாழ்விலிருந்து தொடங்குவோம் என்று சொல்லும்போது யாருடைய அன்றாடம், எந்தக் காலத்து அன்றாடம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இன்றைய வீட்டில் மிக்ஸியும் கைப்பேசியும் மூடிய பெட்டிகள். அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, பாக்குவெட்டி, தையல் இயந்திரம் போன்ற திறந்த கருவிகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெண்கள் கையில் இருப்பவை. இயந்திரம் என்றதும் பட்டறையை நினைக்கும் மனம் அடுக்களையை மறந்துவிடுவது வழக்கம்.

கோயில் தேரையும் இங்கே சொல்ல வேண்டும். வைகாசியில் காஞ்சி வரதராஜர் தேர் வீதிக்கு வரும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்கள் செய்வது ஆப்பின் வேலை. ஓடும் சக்கரத்துக்கு எந்தக் கோணத்தில், எந்தக் கணத்தில் கட்டையைக் கொடுத்தால் தேர் திரும்பும், எப்படிக் கொடுத்தால் நிற்கும் என்பது அவர்களுக்குக் கையறிவு. நின்ற தேரைக் கிளப்பச் சக்கரத்தடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து நெம்புவதும், நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிப்பதும் ஒரே வீதியில் நடக்கும் இயக்கவியல் வகுப்பு. ஆனாலும் அதைப் பாடமாக எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் அது வகுப்பு; இல்லாவிட்டால் திருவிழா.

கைத்தொழிலே பாடம் என்றவர்கள்

கருவியைக் கையாளுவதன் வழியாகவே கல்வி என்ற கருத்துக்கு இந்தியாவில் பெருவடிவம் கொடுத்தவர் காந்தி. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் குழு அளித்த அறிக்கையும் ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு அடித்தளம். ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிப் பாடம், எல்லாவற்றுக்கும் மையமாக ஒரு கைத்தொழில் என்பது அதன் சாரம். கணக்கும் அறிவியலும் வரலாறும் அந்தத் தொழிலிலிருந்தே கிளைத்து வர வேண்டும். தக்ளியில் நூற்கும் குழந்தை இழையின் நீளத்தை அளக்கும்போது கணிதம் வருகிறது, முறுக்கு ஏன் இழையைப் பலப்படுத்துகிறது என்று கேட்கும்போது இயற்பியல் வருகிறது.

இந்தப் பார்வையின் வலிமை, உடலுழைப்பையும் அறிவையும் பிரித்துவைத்த சமூகத்தில் இரண்டையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது. அதன் பலவீனமும் அங்கேயே இருந்தது. குழந்தைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈட்டலாம் என்ற எதிர்பார்ப்பு தொடக்கத்திலேயே ஐயத்தைக் கிளப்பியது. விற்பனைக்கான நூல் என்றால் இத்தனை சிட்டம் என்ற கணக்கு வரும். கணக்கு வந்தால் கேள்வி கேட்க நேரமிருக்காது. நடைமுறையில் பல பள்ளிகளில் தக்ளி ஒரு பாடவேளையாகச் சுருங்கிப்போனது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி ஆணையம் அதன் இடத்தில் ‘பணி அனுபவம்’ என்ற மென்மையான சொல்லை வைத்தது. கைத்தொழில் ஏன் தோற்றது என்ற ஆராய்ச்சியைவிட, அது உண்மையில் எத்தனை பள்ளிகளில் சொன்னபடி நடத்திப் பார்க்கப்பட்டது என்ற கேள்விதான் பொருத்தமானதாக எனக்குத் தோன்றுகிறது.

1953இன் நிழல்

தமிழ்நாட்டில் இந்த விவாதத்தின் போக்கையே மாற்றியது ராஜாஜியின் திட்டம். 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இடப்பற்றாக்குறை, ஆசிரியர் பற்றாக்குறை என்று நிர்வாகக் காரணங்கள் சொல்லப்பட்டன. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குச் சூட்டிய பெயர் ‘குலக் கல்வி’. அந்தப் பெயரே நிலைத்தது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954இல் ராஜாஜி விலகி, காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்ப்பின் மையவாதம் எளியது. நெசவாளர் பிள்ளை தறியையும் குயவர் பிள்ளை சக்கரத்தையும் கற்றால், வழக்கறிஞர் பிள்ளை எதைக் கற்கும்? பிறப்பு எந்தக் கருவியைக் கையில் கொடுக்கிறதோ அதையே பள்ளியும் கொடுத்தால் பள்ளி எதற்கு? இந்தக் கேள்விக்கு வலுவான மறுமொழி இன்றுவரை வந்ததாகத் தெரியவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8ஆம் வகுப்புவரை பத்து நாள் ‘பையில்லா நாள்’ வைத்து, தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்ற உள்ளூர்க் கைவினைஞரிடம் பிள்ளைகளை அனுப்பச் சொன்னபோது தமிழ்நாட்டில் 1953 உடனே நினைவுகூரப்பட்டதற்குக் காரணம் அதுதான். பத்து நாளும் பாதி நாளும் ஒன்றல்ல என்று கொள்கையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கருவிகளிடமும் போகிறார்களா, அவரவர் வீட்டுத் தொழிலுக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்களா என்பதைப் பொறுத்தே அந்த நியாயம் நிற்கும்.

காஞ்சிபுரத்துக்கு இதில் தனி வரலாறு இருக்கிறது. அது எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்டுவது கடினம். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள ஒரு துணைக் கை தேவை. அந்தக் கை பல காலம் குழந்தையின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் தறிக்குப் போன நிலை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தையும் சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அரசும் தொண்டு அமைப்புகளும் எடுத்த முயற்சிகளும், பள்ளிச் சேர்க்கையும் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றின. 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழிலிலிருந்தும் விலக்கியது. ஆனாலும் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தது.

ஒரு நாளில் பத்து மணி நேரம் தறியோடு வாழ்ந்த அந்தக் குழந்தைகளுக்கு மிதியும் விழுதும் படிமரமும் உள்ளங்கைபோலப் பழக்கம். ஆனால் தறியைப் பிரித்துப் பார்க்கவோ, மிதியின் நீளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று சோதிக்கவோ அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. இயந்திரத்தை இயக்குவது ஒன்று, அது ஏன் இயங்குகிறது என்று அறிவது இன்னொன்று, அதைக் கழற்றி மாற்றிப் பார்ப்பது மூன்றாவது. கைத்தொழில் கல்வியை ஆதரித்தவர்கள் முதலாவது தானாகவே இரண்டாவதில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பினார்கள். காஞ்சிபுரத்துத் தறிகள் அதற்கு எதிர்ச்சான்று. ரோபோ என்ற சொல்லின் பிறப்பும் இங்கே நினைவுக்கு வருகிறது. செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில் அறிமுகமான அச்சொல்லின் வேர், கட்டாய உழைப்பைக் குறிப்பது.

குப்பையிலிருந்து எழுந்த அறிவியல்

பிறப்போடு ஒட்டாத, எந்தக் குழந்தைக்கும் எட்டும் பொருள்களிலிருந்து தொடங்கலாம் என்று மூன்றாவது தரப்பு சொன்னது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கியது. மனப்பாடத்தை விட்டு, மலிவான பொருள்களோடு பிள்ளைகளே சோதனை செய்து குறிப்பெழுதும் முறை அது. 1978இல் மாவட்டம் முழுதும் பரவியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. டெல்கோவில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா அந்தத் திட்டத்தோடு சேர்ந்துதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் கட்டும் பொம்மைகளை உருவாக்கினார். தூக்கி எறியும் பொருளிலிருந்து அறிவியல் பொம்மை என்ற அவரது வாழ்நாள் பணிக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டில் 1980இல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் இதே நோக்கைத் தமிழில் கொண்டுவந்தன. 2022 நவம்பரில் மாநில அரசு தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எளிய சோதனைப் பொருள்களைக் கொண்டுசெல்கிறது.

இந்தத் தரப்பின்மேல் எனக்குச் சாய்வு உண்டு. அதைச் சொல்லிவிட்டே அதன் குறையையும் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் தேர்வுமுறையின் ஆதரவும் இல்லாத இடத்தில் இது காட்சிப்பொருளாகிவிடுகிறது. பொம்மை சுழலும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், மணி அடிக்கும். ஏன் சுழன்றது என்ற கேள்வி அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேராது. ஹோஷங்காபாத்தில் தேர்வே புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும்படி மாற்றப்பட்டிருந்தது. திட்டத்தைப் பின்பற்ற முயன்ற பல இடங்களில் சோதனைகள் வந்தன, தேர்வு மாறவில்லை.

பல்சக்கரத்தில் மனம் பறிகொடுத்த சிறுவன்

ரோபோவிலிருந்து தொடங்கலாம் என்பவர்களின் மூலவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயோடு பணியாற்றி, பிறகு எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர். 1967இல் அவரும் தோழர்களும் உருவாக்கிய ‘லோகோ’ என்ற நிரல்மொழியில், குழந்தை இடும் கட்டளைப்படி தரையில் ஆமைபோல ஊர்ந்து கோடு வரையும் சிறு ரோபோ ஒன்று இயங்கியது. 1980இல் வெளியான அவரது ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலின் பெயரையே 1998இல் லெகோ நிறுவனம் தன் ரோபோ பொம்மைத் தொகுப்புக்கு வைத்தது. குழந்தைக்குக் கணினி கட்டளையிடக் கூடாது, குழந்தைதான் கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

அந்த நூலின் முன்னுரையை ரோபோ வகுப்பு நடத்துகிறவர்கள் அனைவரும் படித்தால் நல்லது. பேப்பர்ட் அதில் ரோபோவைப் பற்றிப் பேசவில்லை. சிறுவயதில் தான் கண்ட காரின் பல்சக்கரங்களைப் பற்றிப் பேசுகிறார். பிறகு பள்ளியில் சமன்பாடுகளைச் சந்தித்தபோது அந்தப் பல்சக்கரங்களாகவே அவற்றை மனதில் சுழற்றிப் பார்த்ததாகச் சொல்கிறார். உடனே ஓர் எச்சரிக்கையும் தருகிறார். எல்லாக் குழந்தைக்கும் பல்சக்கரப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டால் இதே அனுபவம் கிடைக்கும் என்று எண்ணினால் கதையின் சாரத்தைத் தவறவிடுகிறோம். தான் அவற்றை நேசித்ததுதான் காரணம் என்கிறார். ரோபோ கல்வியின் தந்தை என்று போற்றப்படுபவர் எளிய இயந்திரத்திலிருந்து வந்தவர். பெட்டி வாங்கினால் போதும் என்ற எண்ணத்தை மறுத்தவரும் அவரே.

இந்தியாவில் இந்தத் தரப்பின் பெரிய வடிவம் 2016இல் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடங்கள். 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயன்படுத்த, முப்பரிமாண அச்சு இயந்திரம், உணரிகள், மின்னணுப் பலகைகள், ரோபோ உதிரிகள் ஆகியவற்றோடு கூடம் அமைத்து நடத்தப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் மானியம். பத்தாயிரம் பள்ளிகளில் இவை அமைக்கப்பட்டன. அடுத்த ஐந்தாண்டில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50 ஆயிரம் என்று 2025 நிதிநிலை அறிக்கை சொன்னது. கேரளம் வேறு வழியில் போனது. சில பள்ளிகளில் தனிக்கூடம் என்றில்லாமல், 2025இல் 10ஆம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலேயே எல்லா மாணவருக்கும் ரோபோவியலைச் சேர்த்தது. கூடத்துக்குப் போகும் பத்துப் பேருக்கா, வகுப்பில் இருக்கும் நாற்பது பேருக்குமா என்ற கேள்வியில் கேரளத்தின் விடை தெளிவானது.

பலன் எவ்வளவு? 1980களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீயும் மிடியன் கர்லண்டும் செய்த ஆய்வுகள், லோகோ கற்ற பிள்ளைகளுக்கு அதற்கு வெளியே திட்டமிடும் திறன் தானாகக் கூடிவிடவில்லை என்று காட்டின. பேப்பர்ட் அந்தச் சோதனை முறையையே குறை சொன்னார். 2012இல் பிரேசிலின் ஃபாபியானே பெனிட்டி பள்ளி ரோபோவியல் குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அளவிட்டு மதிப்பிட்ட கட்டுரைகள் பத்துதான் அவரது வரையறைக்குள் தேறின. பெரும்பாலும் நன்மை தெரிந்தது, எல்லாவற்றிலும் இல்லை. நம் பள்ளிகளைப் பொறுத்தவரை இன்னொரு இடரும் உண்டு. படிப்படியாகக் குறிப்பேடு சொன்னபடி கோர்த்து, கோட்டைப் பின்தொடரும் வண்டியை ஓட்டிக் காட்டிவிட்டுப் பெட்டியில் திரும்ப அடுக்கிவைத்தால் அது தறியில் கரை நாடா தள்ளியதன் மின்னணு வடிவம். அங்கேயும் கை மட்டுமே வேலை செய்கிறது. விலை உயர்ந்த பொருள் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அலமாரிக்குப் பூட்டுப் போடுவதும் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பூட்டிய அலமாரி எதையும் கற்பிப்பதில்லை.

குழந்தை எதைக் காண்கிறது?

நான்கு தரப்பும் குழந்தையின் மனதைப் பற்றி ஏதோ ஒன்றை நம்புகின்றன. அந்த நம்பிக்கைகளில் சில சோதித்துப் பார்க்கப்பட்டவை. 1976இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சீக்லர் தராசுக்கோலை வைத்துச் செய்த ஆய்வு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால் சிறு குழந்தைகள் எடையை மட்டும் எண்ணினார்கள். நடுவிலிருந்து உள்ள தூரத்தை விட்டுவிட்டார்கள். ஒரே மாதிரி விடை சொன்ன ஐந்து வயதினருக்கும் எட்டு வயதினருக்கும் ஒரே பயிற்சி தரப்பட்டது. எட்டு வயதினர் முன்னேறினார்கள், ஐந்து வயதினர் முன்னேறவில்லை. காரணம், தூரம் என்ற ஒன்று ஐந்து வயதினரின் கண்ணிலேயே படவில்லை. தூரத்தையும் கவனிக்கச் சொல்லிப் பழக்கிய பிறகு அதே பயிற்சி அவர்களுக்கும் பலித்தது.

வெறுமனே கையில் கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையையும், இந்த வயதுக்கு இது எட்டாது என்ற நம்பிக்கையையும் இந்த ஆய்வு ஒருசேர அசைக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சுட்ட வேண்டும். சுட்டினால் ஐந்து வயதிலும் எட்டும். ஏற்றத்தில் ஆள் நடந்ததை ஒரு தலைமுறை முழுக்கப் பார்த்தது. அவர் நடந்தார் என்பதைப் பார்த்தார்களா, நின்ற தூரம் மாறியது என்பதைப் பார்த்தார்களா என்பதில்தான் வேறுபாடு.

பழக்கத்தைப் புரிதலென்று எண்ணிவிடுவது குழந்தைகளின் குறை மட்டுமன்று. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட்டும் ஃபிராங்க் கீலும், ஜிப், பூட்டு போன்ற அன்றாடக் கருவிகள் எப்படி இயங்குகின்றன என்று தமக்குத் தெரியும் என நம்பியவர்களை விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதியபின் தம் அறிவுக்குத் தாமே கொடுத்த மதிப்பெண்ணைப் பலரும் குறைத்துக்கொண்டார்கள். லிவர்பூலில் ரெபெக்கா லாசன் 2006இல் நடத்திய ஆய்வில் சைக்கிளின் சங்கிலி எங்கே செல்கிறது என்பதைப் பலர் தவறாகக் காட்டினார்கள். 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. நெம்புகோல், சக்கரமும் அச்சும், திருகு, பல்சக்கரம், சங்கிலி எல்லாம் பொருந்திய, பிள்ளைக்கே சொந்தமான இயந்திரம் அது. இயற்பியல் செய்முறை வகுப்பு அதைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிடுவது வருத்தத்துக்குரியது.

ஜக்கார்டு பெட்டி

எளிய இயந்திரத்துக்கும் ரோபோவுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருப்பதாக இரு தரப்பும் நினைக்கின்றன. காஞ்சிபுரம் வட்டாரத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு பாலம் ஏற்கெனவே நிற்கிறது. அது தறியின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி.

பழைய ‘அடை’ முறையில் கரையிலும் முந்தியிலும் உருவம் எடுக்க, எந்தப் பாவு இழை எப்போது உயர வேண்டும் என்று கயிறுகளை முறைப்படி இழுக்க ஒரு துணை ஆள் தேவை. பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளிலும் அதே வேலையைச் சிறுவர்கள் செய்தார்கள். ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் வடிவமைத்த கருவி அந்த இழுப்பை அட்டைகளிடம் ஒப்படைத்தது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். ஓர் அட்டை ஒரு வரி. அட்டைகளைக் கோர்த்த மாலை முழு வடிவம். சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதிய குறிப்புகளிலும் ஜக்கார்டு தறியோடு ஒப்பீடு வருகிறது.

தறியில் மிதி நெம்புகோல். விழுதைத் தாங்கும் கயிறு கப்பியில் ஓடுகிறது. துணியைச் சுருட்டும் படிமரம் சக்கரமும் அச்சும். இவற்றின்மேல் துளையும் துளையின்மையுமாக எழுதப்பட்ட நிரல். ஓர் அட்டையில் ஒரு துளையை அடைத்து, அடுத்த வரியில் பூவின் இதழ் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் குழந்தைக்கு நிரல் என்றால் என்ன என்பது திரையில்லாமலேயே விளங்கிவிடக்கூடும்.

தறி எங்கே ரோபோவாகாமல் நின்றுவிடுகிறது என்பதும் இதே இடத்தில் தெரியும். இழை அறுந்தால் ஜக்கார்டுக்குத் தெரியாது. அட்டை தன்போக்கில் திரும்பிக்கொண்டே போகும். அறுந்ததைக் கண்டு நிறுத்துவது நெசவாளரின் கண். சுற்றுப்புறத்தை உணர்ந்து அதற்கேற்பத் தன் செயலை மாற்றுவதுதான் ரோபோவின் தனித்தன்மை என்றால், தறிக்கு அது வந்த கதையும் உண்டு. ஜப்பானில் சாகிச்சி தொயோதா, ஊடை இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறிகளைச் செய்தார். 1924இல் வந்த அவரது ஜி வகைத் தானியங்கித் தறியின் காப்புரிமை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அவர் மகனின் கார் ஆராய்ச்சியிலிருந்து டொயோட்டா நிறுவனம் பிறந்தது. தறியிலிருந்து காருக்குப் போகும் வழி வாலாஜாபாத்–ஒரகடம் சாலையில் மட்டும் இல்லை.

இன்னும் தீராதவை

குழந்தைக்கு இயந்திரத்தைக் காட்டும்போது தொடக்கப் பொருள் எது என்பதைவிட, அதை நிறுத்த, கழற்ற, தப்பாகக் கோர்க்க, மறுபடி கோர்க்கக் குழந்தைக்கு அனுமதி உண்டா என்பதே முதன்மை என்று மேற்கண்ட பதில்களை ஒருசேரப் பார்க்கையில் சொல்லத் தோன்றுகிறது. கைத்தொழில் கல்வி சறுக்கியதும், ரோபோப் பெட்டி சறுக்கிக்கொண்டிருப்பதும் இந்த ஓர் இடத்தில்தான். அதேநேரம் முழுவதும் குழந்தையின் போக்கில் விட்டுவிடுவதும் விடையில்லை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட கட்டுரை, புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் குறைந்தால் கற்றலும் குறையும் என்று வாதிட்டது. அதற்கு மறுப்புகளும் எழுந்தன. எவ்வளவு சுட்டுவது, எந்தக் கணத்தில் கையை விடுவது என்பது இன்னும் தீராத கேள்வி. அது வகுப்புக்கு வகுப்பு மாறக்கூடும்.

சில கேள்விகள் நம் மண்ணுக்கே உரியவை. தறியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் அது 1953இன் மறுவருகை ஆகிவிடுமா? தறி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தறியென்றால் ஆகும். ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் தறியும் ரோபோவும் ஒன்றாக வந்தால் ஆகாது என்பது என் கருத்து. இதை நடத்திப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். ராட்டையில் நாடாவுக்குத் தார் சுற்றியே வளர்ந்த ஒருவருக்கு அந்த ராட்டையைப் பாடப்பொருளாகக் காண்பது பெருமையாக இருக்குமா, பழைய வலியைக் கிளறுமா? அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். 2016 திருத்தம் குழந்தை எப்போது உதவலாம் என்று சொல்கிறது. அந்த உதவியில் குழந்தை என்ன கற்கிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கைத்தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நின்றுபோன தறியோடு ஜக்கார்டு பெட்டியும் அட்டை மாலையும் எடைக்குப் போகும் நிலை. வாலாஜாபாத், காஞ்சிபுரம் ஒன்றியங்களின் தலைமையாசிரியர்களுக்கும், புதிதாக ரோபோக் கூடம் அமைக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கூடத்தின் ஒரு மூலையில் ஓடாத ஜக்கார்டு பெட்டி ஒன்றுக்கு இடம் கொடுங்கள். அதில் நெய்த ஒருவரை ஆசிரியருக்குரிய மதிப்போடும் மதிப்பூதியத்தோடும் வாரம் ஒருநாள் அழையுங்கள். பக்கத்தில் ஒரு திருப்புளி வையுங்கள். அலமாரிக்குப் பூட்டு வேண்டாம்.